கட்டணத் தொலைக்காட்சியிலிருந்து இணையவழிக்கு: உறவினர் வீட்டில் மாற்றிக் கொடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் பெற்றோர், மாமா, மாமி, சித்தி என்று ஆறு உறவினர் வீடுகளில் இந்த மாற்றத்தைச் செய்து கொடுத்திருக்கிறேன். அவற்றுள் இரண்டு வீடுகளில் மூன்று வாரத்துக்குள் பழைய டிஷ் இணைப்பே திரும்பி வந்துவிட்டது. இணையவழிப் படங்களை டிவியில் காட்டுவதற்காக அங்கே வாங்கிய கருவியில் எந்தக் குறையும் இருக்கவில்லை. முதலில் பழைய இணைப்பை நிறுத்தி, பிறகு கருவியை வாங்கி, எல்லாம் முடிந்த பின்னரே வீட்டு இணையத்தில் மாதம் எவ்வளவு டேட்டா கிடைக்கிறது என்று பார்த்தோம். வேலைகளைத் தலைகீழாகச் செய்ததுதான் தவறு.

வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அறிவது முதல் வேலை. அதன்பின் இணையம், அதன்பின் கருவி, அதன்பின் சந்தா, பிறகு பழக்கிவிடுதல் என்று போக வேண்டும். பழைய இணைப்பைத் துண்டிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் வேலை. கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கிலேயே இருக்கின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டிவி, இணையம், தொலைபேசி ஆகியவற்றின் கடந்த மூன்று மாதப் பில்களை எடுத்து வையுங்கள். டிவியின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் மாதிரி இலக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டு இணையக் கணக்கின் செயலிக்குள் நுழைவதற்கான கடவுச்சொல்லும் வேண்டும். அது இல்லாமல் டேட்டா கணக்கைப் பார்க்க முடியாது.

இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை முதல் நாளே பாருங்கள். நம்மவர் வீடுகள் பலவற்றில் அது கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விட்ட மகனின் பெயரில் இருக்கும். சில வீடுகளில் காலமான தகப்பனாரின் பெயரில் இருக்கும். பொதியை மாற்றுவதற்கும் துண்டிப்பதற்கும் பெயருக்குரியவரின் தேசிய அடையாள அட்டை விபரம் கேட்கப்படும் என்பதாலும், பெயர் மாற்றத்துக்கு நாட்கள் எடுக்கும் என்பதாலும், இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தால் பார்க்காத டிவிக்கு இன்னொரு மாதப் பணம் கட்ட நேரும்.

2. ஒரு வாரக் குறிப்பேடு

டிவிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியையும் பேனையையும் வைத்து, நேரம், பார்ப்பவர், நிகழ்ச்சி என்று மூன்று நிரல் போடுங்கள். ஞாயிறு உட்பட ஏழு நாளும் எழுதப்பட வேண்டும்.

“நீங்கள் என்ன பார்க்கிறனீங்கள்?” என்று வாயால் கேட்டால் சரியான விடை வராது. செய்தி மட்டும்தான் பார்ப்பேன் என்று உறுதியாகச் சொன்ன என் மாமாவின் கொப்பியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய படமும், மாலை ஆறரைக்குப் பிறகு மாமியோடு சேர்ந்து மூன்று தொடர்களும் ஒவ்வொரு நாளும் இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. தானாக ஓடிக்கொண்டிருப்பதை அவர் பார்ப்பதாகவே எண்ணியிருக்கவில்லை.

வாரம் முடிந்ததும் ஒவ்வொரு வரியையும் மூன்று வகையில் ஒன்றாகக் குறியுங்கள். குறித்த நேரத்தில் பார்த்தே ஆக வேண்டியவை ஒரு வகை. எப்போது பார்த்தாலும் சரி என்பவை இன்னொரு வகை. வீட்டில் ஆள் பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காக ஓடிக்கொண்டிருப்பவை மூன்றாவது வகை.

முதல் வகையை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். தொடர்களை மறுநாள் பார்த்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். வெள்ளவத்தையில் இருக்கும் என் அம்மாவோ, இரவுத் தொடர் முடிந்த கையோடு கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்திக்குக் கோல் எடுத்து அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுவார். அந்தப் பேச்சுதான் அவருடைய நாளின் நல்ல பகுதி. ஒரு நாள் பிந்திக் கிடைக்கும் தொடர் அதைக் கெடுத்துவிடும் என்பதால், அது முதல் வகையிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது வகைக்குத்தான் புதியவர்கள் கணக்குப் போடத் தவறுகிறார்கள். காலை ஐந்தரைக்குப் பக்திப் பாடலோடு போடப்படும் டிவி பத்து மணி வரை ஓடுகிறது என்றால், டிஷ் இணைப்பில் அதற்குத் தனிச் செலவில்லை. இணையத்திலோ ஒவ்வொரு மணி நேரமும் டேட்டாவில் கழியும். இந்த நேரத்தை இயன்றவரை வானொலிக்கு மாற்றுங்கள். சக்தி எப்எம், சூரியன் எப்எம், இலங்கை வானொலி எல்லாம் ஒரு சிறிய ரேடியோவில் கிடைப்பவை.

3. மிச்சம் உண்மையிலேயே வருமா என்ற கணக்கு

மாற்றினால் செலவு குறையும் என்று நம்பிக்கொண்டு தொடங்கக்கூடாது. எழுதிப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள விலையை விட்டுவிட்டு, வரிகள் சேர்ந்த பின் பில்லின் அடியில் வரும் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். கட்டண டிவிக்கு இப்போது மாதம் 2,500 ரூபாய் போகிறது. இணையப் பொதியை ஒரு படி உயர்த்த 1,200 ரூபாய் கூடுதலாகும். ஒரு சந்தாவுக்கு 900 ரூபாய். 15,000 ரூபாய்க்கு வாங்கிய கருவியை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 625 ரூபாய். கூட்டினால் 2,725 ரூபாய் வருகிறது. இந்த வீட்டில் மாற்றம் செய்வது நட்டம்.

அதே வீட்டில் டிவியிலேயே யூடியூப் இருந்து, கருவி தேவைப்படாவிட்டால் செலவு 2,100 ரூபாய்க்கு இறங்கும். இருக்கும் இணையப் பொதியே போதுமென்றால் 900 ரூபாயோடு முடிந்துவிடும். ஆகவே மிச்சம் எங்கே இருந்து வரும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் தொகைகளைப் போட்டுப் பார்த்து, மாதம் சில நூறு ரூபாய்கூட மிஞ்சாது என்றால், பழைய இணைப்பிலேயே சிறிய பொதிக்கு இறங்குவது மேலானது. பெரிய பொதியில் இருக்கும் அலைவரிசைகளில் எத்தனையைக் கொப்பி காட்டுகிறது என்று பார்த்தாலே இது தெளிவாகும்.

4. முதலில் அன்டெனா

நம் நாட்டு அலைவரிசைகளுக்குச் சந்தாவும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். சக்தி, வசந்தம், நேத்ரா, ரூபவாஹினி, ஐடிஎன், சிரச, தெரண, ஹிரு ஆகியவை சாதாரண அன்டெனாவில் இலவசமாகக் கிடைப்பவை. டிஷ் வந்த பிறகு பல வீடுகளில் அன்டெனாவைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். முதலில் அதைத் திரும்பப் போடுங்கள். இணையம் நின்றுபோகும் நாளிலும் டிவியில் ஏதோ ஒன்று ஓடும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தைரியம் தரும்.

தனி வீடென்றால் கூரைக்கு மேல் வைக்கும் அன்டெனா சிறந்தது. தொடர்மாடியில் யன்னலோரமாக வைக்கும் சிறிய அன்டெனாவை முதலில் முயன்று பாருங்கள். படம் கலங்கினால் வேறு யன்னலுக்கு மாற்றிவிட்டு, டிவியின் அமைப்பில் அலைவரிசைத் தேடலை மறுபடியும் ஓட்ட வேண்டும். இடத்தை மாற்றியபின் இதைச் செய்யாமல், அன்டெனா சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று இணைப்புமுனைகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும்; வெளியே இருக்கும் இணைப்பைக் கறுப்பு நாடாவால் இறுகச் சுற்றுங்கள். சித்திரை மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் அதிகம் என்பதால், முழக்கம் கேட்டவுடன் அன்டெனா வயரைக் கழற்றிவிடும்படி வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

5. இணையத்தைச் சோதித்தல்

இந்தப் படிக்கு மூன்று நான்கு நாட்களைக் கொடுங்கள். மற்றப் படிகளில் நேரும் தவறுகளைப் பிறகு திருத்தலாம். போதாத இணையத்தின் மேல் கட்டிய எதுவும் நிலைக்காது.

முதலில் வேகம். நெட்பிளிக்ஸ் நடத்தும் பாஸ்ட் டொட் கொம் என்ற தளத்தைக் கைப்பேசியில் திறந்தால் வேகம் உடனே தெரியும். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் பயனில்லை. டிவி இருக்கும் இடத்தில், வைபையில், இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் மூன்று நாள் பாருங்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் இணையத்தில் இருக்கும் அந்த நேரத்தில்தான் வீட்டில் தொடர் ஓடப்போகிறது.

நெட்பிளிக்ஸ் 720 படத்தரத்துக்கு 3 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அலகு), 1080 தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது. ஒரே நேரத்தில் பிள்ளைகளின் கைப்பேசிகளும் ஓடும் என்பதால், டிவிக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

வேகம் குறைவாக இருந்தால் உடனே பெரிய பொதிக்குப் போக வேண்டாம். கொன்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் வைபை நலிந்துவிடும். அதிலும் 5 ஜிகாஹேர்ட்ஸ் அலை வேகமானதென்றாலும் சுவரைத் துளைப்பதில் 2.4 ஜிகாஹேர்ட்ஸ் அலையைவிடப் பின்தங்கியது. ரவுட்டரை டிவி இருக்கும் அறைக்கு மாற்றுவது அல்லது ஒரு லேன் வயரை இழுப்பது பெரும்பாலும் போதுமானது. ஒரு வீட்டில் ரவுட்டர் சாமித்தட்டுக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்கு அருகில் இருந்தது. அதை வெளியே எடுத்து வைத்ததோடு சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது டேட்டா. நெட்பிளிக்ஸின் கணக்குப்படி, குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி வரையும், நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரையும், உயர்தரத்தில் 3 ஜிபி வரையும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையும் செலவாகும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 120 மணி நேரம். நடுத்தரத்தில் அது 84 ஜிபி. உயர்தரத்தில் 360 ஜிபி. ஒரே வீடு, ஒரே பார்வை நேரம், நான்கு மடங்குக்கும் மேலான வேறுபாடு.

யூடியூப் 480 தரத்துக்கு 1.1 எம்பிபிஎஸ்ஸும் 1080 தரத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸும் கேட்கிறது. அந்த வேகத்தில் தொடர்ந்து ஓடினால் முதலாவது மணிக்கு அரை ஜிபி அளவிலும், இரண்டாவது 2.25 ஜிபி அளவிலும் இழுக்கும். இணைப்பு வேகமாக இருந்தால் யூடியூப் தானாகவே தரத்தை உயர்த்திக்கொள்ளும். ஆகையால் பைபர் இணைப்புள்ள வீட்டில் யூடியூப்புக்கு மணிக்கு 2 ஜிபிக்குக் குறையாமல் கணக்குப் போடுங்கள்.

கொப்பியில் உள்ள மணி நேரங்களை இந்த எண்களால் பெருக்கி, வீட்டின் இப்போதைய மாதப் பயன்பாட்டோடு கூட்டுங்கள். வரும் தொகை பொதிக்குள் அடங்க வேண்டும். ஸ்ரீலங்கா டெலிகொமின் பியோ டிவி வைத்திருப்பவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு: அந்தப் படமும் அதே கம்பிவழியில் வருவதால், இப்போதும் டேட்டாவில்தான் ஓடுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அது தனி வழியில் வருவது. இணைய டேட்டாவில் கழிவதில்லை. மாற்றிய பின்பே முழுச் சுமையும் டேட்டாவில் விழும்.

பொதியின் மொத்த எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். சில பொதிகளில் ஒரு பெரிய பங்கு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பயன்படுத்தக்கூடியது. இரவு ஒன்பதரைக்குப் படுக்கப்போகும் வீட்டில் அந்தப் பங்கு கணக்கில் சேராது.

கடைசியாக மின்சாரம். டிஷ் இணைப்பும் கரண்ட் போனால் நிற்கும் என்றாலும், கரண்ட் வந்த பிறகு ரவுட்டர் எழுந்து இணையத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். ஒரு நொடி கரண்ட் போய் வந்தாலும் அந்த நிமிடங்கள் போகும். 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் பல வீடுகளில் வாங்கிய, ரவுட்டருக்கான சிறிய யுபிஎஸ் இன்னும் இருந்தால் அதைத் தேடி எடுத்து மாட்டுங்கள்.

6. கருவியைத் தேர்ந்தெடுத்தல்

டிவியிலேயே யூடியூப்பும், உங்களுக்கு வேண்டிய மற்றச் செயலியும் இருந்து, இரண்டும் தடங்கலின்றி ஓடினால் எதையும் வாங்க வேண்டாம். “ஸ்மார்ட்” என்று டிவியில் எழுதியிருப்பது போதாது. பழைய மாதிரிகளில் செயலிகளுக்கான ஆதரவு நிறுத்தப்படுவதுண்டு. ஒவ்வொரு செயலியையும் திறந்து பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

அப்படி இல்லாவிட்டால், எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் ஒன்று போதும். கூகுளின் சான்றிதழ் பெற்ற கருவியா என்பதை வாங்குமுன் பாருங்கள். சான்றிதழ் இல்லாத மலிவான ஆண்ட்ரொய்ட் பொக்ஸ்களில் நெட்பிளிக்ஸ் திறந்தாலும் படம் 480 தரத்தைத் தாண்டாது. பல பொக்ஸ்களில் திறக்கவே திறக்காது. பெட்டியில் 8கே என்று அச்சிட்டிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தரத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்பிஐ, பேட்பொக்ஸ் 2.0 என்ற தீநிரலைப் பற்றி எச்சரித்தது. மலிவான டிவி பொக்ஸ்கள் போன்ற கருவிகளில் அது வாங்கும் முன்பே இருக்கலாம், அல்லது அமைக்கும்போது இறக்கும் செயலியோடு வரலாம் என்பது அந்த எச்சரிக்கை. உங்கள் தாயாரின் கூகுள் கணக்கும் உங்கள் வங்கி அட்டையும் பதியப்போகும் கருவியில் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலோ, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலோ வாங்கும்போது, பணம் கொடுக்குமுன் கடையிலேயே டிவியில் மாட்டி, பிளே ஸ்டோரைத் திறந்து, வேண்டிய செயலிகள் அங்கே கிடைக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலம் எழுதி முத்திரையிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டிக்கோடு வரும் அடப்டரையே சுவரில் செருக வேண்டும். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து கரண்ட் எடுத்தால், அந்தத் துளை பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவே தருவதால், படம் நடுவில் நின்று கருவி தானாக மறுபடி தொடங்கும். “ஸ்டிக் பழுது” என்று எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம்.

7. சந்தா: முதல் மாதம் ஒன்று மட்டும்

கொப்பியை எடுத்து, ஒவ்வொரு நிகழ்ச்சியும் எங்கே கிடைக்கும் என்று எழுதுங்கள். செய்திக்குப் பணம் தேவையில்லை. புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ் போன்றவை யூடியூப்பில் நேரலையாகவே ஓடுகின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் யூடியூப் நேரலையில் பார்க்கலாம். சன் டிவித் தொடர்களுக்குச் சன் நெக்ஸ்ட், ஸீ தமிழ்த் தொடர்களுக்கு ஸீ5, படங்களுக்கு நெட்பிளிக்ஸ் அல்லது அமேசன் பிரைம் வீடியோ என்று பிரித்துப் பாருங்கள்.

கொப்பியில் அதிக வரிகளைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு சேவைக்கு முதலில் சந்தா கட்டுங்கள். மூன்று சேவைகளை ஒன்றாக எடுத்த வீடுகளில் பெரியவர்கள் எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் களைத்துப் போகிறார்கள். மிச்சமும் இல்லாமல் போகிறது. படங்களுக்கான சேவைகளை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுக்கலாம்.

ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரிந்தாலும் முதல் தடவை மாதச் சந்தாவையே எடுங்கள். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு விற்கப்படுவது. இந்தியாவில் ஒரு செயலியில் இருக்கும் நிகழ்ச்சி அதே செயலியில் கொழும்பில் இல்லாமல் இருக்கலாம். கொப்பியில் உள்ள தொடரின் பெயரைச் செயலியில் தேடி, நேற்றைய பகுதி இங்கிருந்து ஓடுகிறதா, அது ஒளிபரப்பான எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு வந்தது என்று பார்த்த பிறகே நீண்ட சந்தாவைப் பற்றி யோசியுங்கள். அம்மாவின் தொலைபேசிப் பேச்சு இந்த விடையில்தான் தங்கியிருக்கிறது.

சென்னையில் இருக்கும் உறவினரின் கணக்கை இரவல் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓடிபி அவருடைய இந்திய இலக்கத்துக்குப் போகும். அவர் தூங்கும் நேரத்தில் கணக்கு வெளியேறினால் இங்கே டிவி இருண்டுவிடும். நெட்பிளிக்ஸும் 2023 முதல் ஒரு கணக்கை ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு என்று வரையறுத்திருக்கிறது. ஆகவே வெள்ளவத்தைக் கணக்கைக் கொட்டாஞ்சேனையிலும் ஓட்டலாம் என்று திட்டமிடாதீர்கள்.

ஆயிரக்கணக்கான அலைவரிசைகளை ஆண்டுக்கு ஒரு சிறு தொகைக்குத் தருவதாகச் சொல்லி வட்ஸப்பில் விற்கப்படும் இணைப்புகளையும் வாங்க வேண்டாம். உரிமையில்லாத ஒளிபரப்பு அது. ஒரு நாள் நின்றுவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது. அதற்குள் நீங்கள் டிஷ்ஷைக் கழற்றியிருப்பீர்கள்.

பணம் கட்டுவதற்கு, வெளிநாட்டு இணையக் கொடுக்கல்வாங்கலுக்குத் திறந்துவிடப்பட்ட வங்கி அட்டை வேண்டும். பல அட்டைகளில் இது மூடியே இருக்கும். வங்கியிடம் கேட்டுத் திறக்க வேண்டும். டொலரில் அறவிடும் சேவை என்றால், வங்கியின் மாற்று விகிதமும் கட்டணமும் சேர்ந்து அட்டைக் கூற்றில் வரும் ரூபாய்த் தொகையையே 3ஆம் படியின் கணக்கில் போடுங்கள். அட்டை உங்களுடையதாக இருக்கட்டும். டிவியில் எதையும் வாங்குவதற்கு இரகசிய இலக்கம் (PIN) கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

கிரிக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உரிமை தொடருக்குத் தொடர் கை மாறுவதால், இந்த ஆண்டு பார்த்த இடத்தில் அடுத்த ஆண்டும் இருக்கும் என்று எவராலும் வாக்குக் கொடுக்க முடியாது. எந்தப் போட்டியையும் தவறவிடாத ஒருவர் வீட்டில் இருந்தால், கட்டண இணைப்பை முற்றாக நிறுத்தாதீர்கள். டயலொக் டெலிவிஷனில் இருப்பதுபோன்ற முற்கொடுப்பனவு இணைப்புக்கு மாறி, வேண்டிய மாதத்தில் மட்டும் பணம் போடுவது அவர்களுக்குப் பொருந்தும்.

8. பெரியவர்கள் தாமாகப் பார்க்கும்படி அமைத்தல்

டிஷ் இணைப்பில் சிவப்புப் பட்டனை அமத்தியவுடன் ஏதோ ஒன்று ஓடத் தொடங்கும். இணையவழி டிவியோ, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கும். அறுபது, எழுபது வயதில் ஒருவருக்கு நாளும் ஆறு தடவை இந்தக் கேள்விக்கு விடை சொல்வது பெரும் அலுப்பு. மாற்றம் தோற்ற இரண்டு வீடுகளிலும் அவர்கள் சொன்ன குறை “தேட வேண்டியிருக்கிறது” என்பதே. ஆகவே தேடும் வேலையை முன்கூட்டியே நீங்கள் செய்து கொடுத்துவிட வேண்டும்.

டிவிக்கென்று புதிய கூகுள் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். பேரப்பிள்ளையின் கணக்கில் விட்டால், அம்மம்மாவின் திரையில் விளையாட்டுக் காணொளிகளாக வந்து நிற்கும். புதிய கணக்கில் கொப்பியில் உள்ள அலைவரிசைகளை மட்டும் தேடிச் சந்தாதாரராகச் சேருங்கள். பிறகு இரண்டு நாள் நீங்களே அந்தக் கணக்கில் செய்தியும் பக்திப் பாடலும் பழைய படங்களும் ஓட்டுங்கள். யூடியூப் பார்த்ததைக் கொண்டே பரிந்துரைக்கும் என்பதால், அவர்கள் முதல் தடவை திறக்கும்போது முகப்பிலேயே அவர்களுக்கு வேண்டியது இருக்கும்.

நேரலைச் செய்திக்கு, ஒரு காணொளியைச் சேமித்துவைத்துக் காட்டிக் கொடுக்காதீர்கள். நேரலையின் இணைப்பு மாறிவிடுவதுண்டு. மாறினால் மறுநாள் அது திறக்காது. அலைவரிசையின் பக்கத்துக்குப் போய் நேரலையைத் தொடும் பழக்கத்தையே கற்பியுங்கள்.

செயலிகளின் வரிசையில் அவர்களுக்கு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் முன்னால் வைத்து, மற்றவற்றை அகற்றுங்கள். டிவியின் அமைப்பில் எச்டிஎம்ஐ-சிஇசி என்பதை இயக்கினால், ஸ்டிக்கின் ரிமோட்டாலேயே டிவியையும் போட்டு நிறுத்த முடியும்; அதன்பின் பழைய டிவி ரிமோட்டைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். இரண்டு ரிமோட் இருக்கும் வீட்டில் கை தவறி உள்ளீட்டை மாற்றிவிட்டு, சிக்னல் இல்லை என்ற நீலத் திரையோடு மாலை முழுவதும் இருந்துவிடுகிறார்கள்.

நெட்பிளிக்ஸில் ஒவ்வொருவரின் சுயவிபரத்துக்கும் டேட்டா அளவைத் தனித்தனியாக அமைக்கலாம். கணக்கின் அமைப்பில் அதை நடுத்தரத்துக்குக் குறைத்துவிடுங்கள். 32 அங்குல டிவியைப் பத்தடி தள்ளியிருந்து பார்ப்பவர்களில் ஒருவரும் வேறுபாட்டை எனக்குச் சொன்னதில்லை.

பிறகு ஒரு தடித்த அட்டையில், பெரிய எழுத்தில், கையால் நான்கு வரி எழுதுங்கள்: போடுவது, வீடு போன்ற பட்டன், வரிசையில் எத்தனையாவது செயலிப் படம், நடுப் பட்டன். “ஹோம் பட்டன்” என்று எழுதாமல் வீட்டின் படத்தையே வரையுங்கள். ரிமோட்டில் அவர்கள் தேடுவது அந்த உருவத்தைத்தான்.

கற்பிக்கும்போது ரிமோட்டை உங்கள் கையில் எடுக்கவே கூடாது. “அம்மா, வீடு மாதிரி இருக்கிறதை அமத்துங்கோ” என்று சொல்லிவிட்டு, அவர்கள் தவறான பட்டனை அமத்தினாலும் பொறுத்திருங்கள். தவறியபின் திரும்பி வரும் வழியை, அதாவது வீட்டுப் பட்டனை அமத்தினால் எங்கிருந்தாலும் தொடக்கத்துக்கு வந்துவிடலாம் என்பதை, அவர்கள் தம் கையால் மூன்று தடவை செய்து பார்க்க வேண்டும். எதையாவது உடைத்துவிடுவோமோ என்ற பயம் அந்த மூன்று தடவையில்தான் போகும்.

திரையிலோ தொலைபேசியிலோ யாராவது வங்கி அட்டை இலக்கத்தையோ ஓடிபியையோ கேட்டால், எதுவும் சொல்லாமல் உங்களுக்கு அழைக்கும்படி, நான்கு வரி எழுதிய அந்தத் தடித்த அட்டையின் பின்பக்கத்தில் உங்கள் இலக்கத்தோடு எழுதி வையுங்கள்.

9. ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும்

ஒரு மாதம் இரட்டைச் செலவு போகும். போகட்டும். அவசரப்பட்டு நிறுத்திவிட்டு மறுபடி இணைப்பு எடுப்பதில் பணமும் போகும், வீட்டாரின் நம்பிக்கையும் போகும்.

டிஷ் ரிமோட்டை அலுமாரியில் வைத்து, அதை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எதற்காக என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எடுத்ததற்காக எதுவும் சொல்லாதீர்கள், சொன்னால் எழுதமாட்டார்கள். அந்தக் குறிப்புகள்தான் இன்னும் எதைத் திருத்த வேண்டும் என்பதைக் காட்டும்.

பில் காலத்தின் பத்தாம் நாளும் இருபதாம் நாளும் இணையச் செயலியில் டேட்டாவைப் பாருங்கள். பத்தாம் நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்திருந்தால், தரத்தைக் குறையுங்கள். அதற்கும் முன்னால், ஆள் இல்லாத அறையில் யூடியூப் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

நான்காவது வாரத்தில் டிஷ் ரிமோட்டை ஒருவரும் எடுக்காவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். கிழமைக்கு மூன்று நான்கு தடவை எடுக்கிறார்கள் என்றால், சிறிய பொதிக்கு இறங்கி, இன்னொரு மாதம் பொறுங்கள்.

10. துண்டித்தல்

அடுத்த பில் திகதிக்கு இரண்டு வாரம் முன்னதாக வேலையைத் தொடங்குங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா, முன்னறிவித்தல் எத்தனை நாள், பொக்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, வைப்புப் பணம் திரும்ப வருமா என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தொலைபேசி, இணையம், டிவி மூன்றும் ஒரே பில்லில் இருந்தால், சொல்லும் சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். என் உறவினர் ஒருவர் “லைனைக் கட் பண்ணுங்கோ” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்; இணையமும் சேர்ந்து போய்விட்டது. புதிய டிவி முழுக்க அந்த இணையத்தை நம்பியிருந்ததால், ஒன்பது நாள் வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. “டிவிச் சேவையை மட்டும் நிறுத்த வேண்டும், இணையமும் தொலைபேசியும் அப்படியே இருக்க வேண்டும்” என்று எழுத்தில், மின்னஞ்சலாகவோ கிளையில் கொடுக்கும் கடிதமாகவோ தெரிவியுங்கள். டிவியை எடுத்துவிட்டால் இணையப் பொதியின் விலை மாறுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். சேர்த்து எடுத்ததற்கான விலைக்கழிவு நின்றுவிடுவதுண்டு.

பொக்ஸைக் கொடுக்கும்போது அதன் தொடரிலக்கத்தைப் படம் பிடித்து, பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்குங்கள். மாதாமாதம் பணம் கட்டும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்திருந்தால் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். இணைப்பு நின்றாலும் கட்டளை தானாக நிற்காது.

துண்டித்த பிறகு வரும் முதல் பில்லில் பழைய மாதத்தின் மிகுதி இருக்கலாம். இரண்டாவது பில்லில் டிவிக்கான கட்டணம் முற்றாக இல்லாமல் போயிருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்கும்வரை மின்னஞ்சலின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் அந்தக் கொப்பிக்குள்ளேயே வைத்திருங்கள்.